ராஜா பதில் சொல்வதற்கு முன்

(ஹப்சிகுடாவில் நடந்த உறுப்பினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிறு வயதில் பிடித்த புத்தகங்கள்" என்று தலைப்புக் கொடுத்து அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவனிடம் சிறு வயதைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்று செயலாளருக்குத் தெரியும். அதனால்தான் கடிகாரத்தை என் எதிரிலேயே மாட்டி வைத்திருக்கிறார். ஆறு மணிக்குக் காபி வந்துவிடும், கவலை வேண்டாம்.

அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிப் படித்தோம் தெரியுமா என்று பெருமை பேசிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சிறு வயதில் படித்த புத்தகம், பிற்காலத்தில் நாம் எதைத் தேடிப் படிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறதா? பௌதிகப் பட்டதாரி என்ற முறையில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் கையில் இருக்கும் சான்று இரண்டே பேர்: நானும் என் அக்காவும். இரண்டு பேரை வைத்து எந்த விதியும் நிரூபணமாகாது. ஆனால் ஒரே வீட்டில் ஒரே பத்திரிகையைப் படித்து வளர்ந்த இரண்டு பேர் என்பதால் கொஞ்சம் கவனிக்கலாம்.

பத்திரிகை என்றால் அம்புலிமாமாதான். கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே படிக்கும். கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்கு வரும்போது அட்டை இருக்காது. சில மாதம் நடுப் பக்கமும் இருக்காது.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் ஒரே சமயத்தில் தொடங்கிய பத்திரிகை அது. நடத்தியவர்கள் பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும். 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) படங்களை எடுத்த அதே விஜயா நிறுவனத்தார். ஆபீஸ் சென்னை வடபழனியில். பிறகு கன்னடம், ஹிந்தி, மராத்தி என்று பல பாஷைகளுக்குப் பரவியது.

அந்தப் பத்திரிகையில் எங்களைக் கட்டிப்போட்டது விக்கிரமாதித்தன், வேதாளம் கதை. ராஜா மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மயானத்தில் நடக்கிறான். உள்ளே இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது. கதை முடிந்ததும் ஒரு கேள்வி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்துவிடும், வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். வாளும் கையுமாக ராஜா பிணத்தைச் சுமந்து நடக்கும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். ஈரோடு பக்கத்துக்காரர். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்து அறுபது வருஷம் வரைந்தார். 2020 செப்டம்பரில் 96 வயதில் காலமானார். மறு வருஷம் மத்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அரசு உத்தியோகத்தில் இருந்தவன் இதற்கு மேல் சொல்லக்கூடாது.

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அம்புலிமாமா வந்தால் நான் உரக்கப் படிக்க வேண்டும். பாட்டி கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும், "புஸ்தகத்தை மூடுடா. ராஜா அப்புறம் சொல்லட்டும், நீ சொல்லு முதல்ல" என்பாள். நான் ஏதாவது சொல்வேன். "அது எப்படி?" என்பாள். அக்கா வேறு ஒன்று சொல்வாள். அவளுக்கும் அதே "அது எப்படி?" தான். அரை மணி நேரம் கழித்துத்தான் புத்தகத்தைத் திறக்க அனுமதி. சில சமயம் ராஜா சொன்ன பதில் பாட்டிக்குப் பிடிக்காது. "போடா, இவனுக்கு என்ன தெரியும்" என்று விக்கிரமாதித்தனையே தள்ளிவிடுவாள்.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். வேதாளக் கதையைப் பெரியவனான பிறகு திரும்பிப் பார்த்தால் அதன் விதிமுறை விசித்திரமாக இருக்கிறது. சரியான பதில் சொன்னவனுக்குப் பரிசு கிடையாது. மறுபடி மரம் வரைக்கும் நடக்க வேண்டும். தெரியாவிட்டால் பேசாமல் இருக்கலாம், ஆபத்தில்லை. தெரிந்தும் மறைப்பதுதான் குற்றம். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல் பார்த்தவனுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு ஆட்சேபணைக்குச் சரியான பதில் எழுதினால் பதினைந்தாம் நாள் புதிய ஆட்சேபணை வரும்.

மூலத்தில் இருப்பது இருபத்தைந்து வேதாளக் கதைகள்தான். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அவை வருகின்றன. மாதம் ஒன்று போட்டால் இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். ஆனால் சந்தமாமாவில் பத்து வருஷக் கணக்கில் வந்ததே, எப்படி? மற்றவற்றையெல்லாம் ஆசிரியர் குழுவே தயார் செய்தது. வேறு வேறு கதைகளை எடுத்து, கடைசியில் ஒரு கேள்வி பிறக்கும்படி திருத்தி, வேதாளத்தின் வாயில் போட்டார்கள். அப்போது ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் கொடவட்டிகண்டி குடும்ப ராவ். தெனாலிக்காரர், தெலுங்கில் பெரிய எழுத்தாளர். 1952 முதல் 1980இல் காலமாகும் வரை சந்தமாமாவைக் கவனித்துக்கொண்டார். அவர் விஜயநகரத்தில் பௌதிகம் எடுத்து பி.ஏ. முடித்தவர். காசி ஹிந்து சர்வகலாசாலையில் எம்.எஸ்ஸி. பௌதிகத்திலும் சேர்ந்தார், குடும்ப நிலைமையால் முடிக்க முடியவில்லை. இதை நான் தெரிந்துகொண்டது ரொம்ப நாள் கழித்துத்தான். மாதா மாதம் எங்களுக்குக் கேள்வி போட்டவர் ஒரு பௌதிக மாணவர்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

1968இல் கல்லூரியில் பௌதிகத்தில் சேர்ந்தேன். பாடப் புத்தகம் வேதாளத்துக்கு நேர் எதிர். முதலில் பதில், அதாவது விதி. பிறகு நிரூபணம். கடைசியில் சின்ன எழுத்தில் கேள்விகள். மூன்று வருஷம் மனப்பாடம் செய்து பாஸ் செய்தேன். உண்மையில் பௌதிகம் ருசித்தது அதற்குப் பிறகு, 1976இல் உத்தியோக மாற்றலில் ஹைதராபாத் வந்த சமயத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸில் கடைகளெல்லாம் மூடியிருக்க, நடைபாதை முழுவதும் பழைய புத்தகங்களைப் பரப்பி வைப்பார்களே, அங்கே யாகோவ் பெரெல்மான் எழுதிய ரஷ்யப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு மலிவு விலையில் கிடைத்தது. தமிழிலும் 'பொழுதுபோக்கு பௌதிகம்' என்று வந்திருக்கிறது. பெரெல்மான் அதை 1913இல் வெளியிட்டார். 1942இல் லெனின்கிராட் முற்றுகையில், பட்டினிக் கொடுமையில் இறந்துபோனார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கேள்வி. ரயில் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ரயிலின் எந்தப் பாகம் அந்த க்ஷணத்தில் பின்னோக்கி நகர்கிறது? பிரயாணி யாரும் பின்னால் நடக்கவில்லை, பாகம்தான். நான் அன்று புத்தகத்தை மூடிவிட்டேன், பாட்டி சொல்லாமலேயே. இரண்டு நாள் யோசித்தேன். ரயில் சக்கரத்துக்கு உட்புறம் ஒரு விளிம்பு உண்டு. அது தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அந்த க்ஷணத்தில் அசையாமல் நிற்கிறது. அதற்குக் கீழே இருக்கும் விளிம்பு பின்னால் போகிறது. இன்னொரு கேள்வி: சூரியனைச் சுற்றும் வேகத்தில் நாம் அதிக வேகமாகப் போவது பகலிலா, நடுராத்திரியிலா? இதைக் குழந்தைகளுக்கு விட்டுவிடுகிறேன். கைபேசியைக் கேட்காமல் ஒரு பூகோள உருண்டையும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எனக்குப் பிடித்த புத்தகங்களின் வம்சாவளி இதுதான். வேதாளம், பெரெல்மான், துப்பறியும் கதைகளில் நல்லவை, பிறகு கதையாக இருந்தாலும் கட்டுரையாக இருந்தாலும் என்னிடம் எதையோ கேட்கிற புத்தகங்கள். எல்லாவற்றையும் முடித்து, முடிச்சுப் போட்டு, ரிப்பனும் கட்டிக் கொடுக்கும் நாவல்களை எவ்வளவு நல்ல தமிழில் எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடிவதில்லை.

இப்போது அக்கா. அதே அம்புலிமாமா, அதே பாட்டி. அக்காவுக்கு வேதாளத்தின் கேள்வியில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவள் காத்திருந்தது தொடர்கதைக்கு. தாசரி சுப்ரமண்யம் எழுதி, சித்ரா படம் போட்ட மாயாஜாலத் தொடர்கள். 'அடுத்த மாதம்' என்று போட்டால் அக்காவுக்கு அந்த மாதம் முழுக்க அதே நினைப்பு. பிறகு அவள் கல்கிக்குப் போனாள், தேவனுக்குப் போனாள், லக்ஷ்மிக்குப் போனாள். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கும்பகோணத்தில் பைண்டு செய்து வைத்திருந்தாள். கல்யாணமாகிப் போகும்போது புடவைப் பெட்டியில் அந்தப் பைண்டுகளும் போயின. இன்றைக்கும் அவளுக்கு ஒரு கதை என்றால் மனுஷாள் வேண்டும், அவர்கள் மேல் பாசம் வைக்க வேண்டும், அடுத்து என்ன ஆகுமோ என்று தவிக்க வேண்டும். பெரெல்மானை ஒரு தடவை கொடுத்துப் பார்த்தேன். "பின்னால போறது இருக்கட்டும், ரயில் எந்த ஊருக்குப் போறது, யார் போறா?" என்று கேட்டாள்.

ஆகவே புத்தகம் ருசியைத் தீர்மானிக்கிறது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. குழந்தை தனக்கு வேண்டியதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்குப் பிடித்ததைப் பேரன் கையில் திணித்து, "நான் உன் வயசில் இதைத்தான் படிச்சேன்" என்றால் அவன் ஏன் படிக்க வேண்டும்? அவனுக்கு ஹாரி பாட்டரோ ஜெரோனிமோ ஸ்டில்டனோ பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். அதிலிருந்து அவன் எதை எடுத்துக்கொள்கிறான் என்று கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஒரு நல்ல கதை எவ்வளவு தூரம் கூட வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பழைய இருபத்தைந்தில் ஒரு கதை. ஒருத்தி, அவள் கணவன், அவள் சகோதரன் மூவரும் போகும் வழியில் ஒரு தேவி கோவில். உள்ளே போன கணவன் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்கிறான். தேடிப் போன சகோதரனும் அப்படியே செய்கிறான். அவள் உயிரை விடப் போகும்போது தேவி தடுத்து, தலைகளை உடல்களோடு சேர்த்து வை என்கிறாள். பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். யார் அவள் கணவன்? தலைதான் பிரதானம், கணவன் தலை இருப்பவனே கணவன் என்று ராஜா சொல்கிறான். இதே கதையை வைத்து ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940இல் ஒரு குறுநாவல் எழுதினார். அதைத் தொட்டுக் கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1971இல் 'ஹயவதன' நாடகம் எழுதினார். இரண்டையும் நான் படித்தது பாட்டியின் கேள்வி இன்னும் மனசில் கிடந்ததால்தான்.

போன வருஷம் இந்தக் கதையை என் பேத்தியிடம் சொன்னேன். இன்டரில் பைபிசி படிக்கிறாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தாத்தா, ராஜா சொன்னது பாதிதான் சரி. அவளுக்குக் குழந்தை பிறந்தா டி.என்.ஏ. உடம்புக்காரனோடதுதானே வரும்? தலையிலிருந்தா வரும்?" என்றாள். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஹாலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சி.சி.எம்.பி. இருக்கிறது. நம் நாட்டில் டி.என்.ஏ. ரேகைப் பரிசோதனைக்கு வழி வகுத்த டாக்டர் லால்ஜி சிங் வேலை பார்த்த இடம். அங்கே கேட்டாலும் பேத்தி சொன்னதைத்தான் சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக் கேள்விக்கு ஹப்சிகுடாவில் ஒரு புதுப் பதில். பாட்டி இருந்திருந்தால், "அது எப்படி?" என்று அவளையும் கேட்டிருப்பாள்.

சந்தோஷமான விஷயம் சொல்லியாகிவிட்டது. இனி சங்கடமானது. அந்தப் பேத்தி இந்தக் கதையை என் வாயால் கேட்டாள். அவளாகத் தமிழில் படித்திருக்க முடியாது. வீட்டில் தமிழ் பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள். தெலுங்கு, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் எழுதுவாள். 2018ஆம் வருஷச் சட்டப்படி தெலங்கானாவில் பத்தாம் வகுப்பு வரை தெலுங்கு கட்டாயம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். இருக்கும் ஊரின் பாஷை தெரிந்துதான் ஆக வேண்டும். ஆனால் தமிழ் எழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை, வீட்டில் நேரமில்லை. என் தகப்பனார் எனக்கு எழுதிய தபால் கார்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. நுணுக்கி நுணுக்கி, ஓரத்திலெல்லாம் எழுதியிருப்பார். மழை, நெல் விலை, அம்மாவின் முழங்கால் வலி. என் மகன் எழுத்துக் கூட்டிப் படிப்பான். பேத்திக்கு அவை கோலம் மாதிரி. எனக்குப் பிறகு அந்த டின்னைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் பழைய காகிதம். பம்பாயிலும் டில்லியிலும் அகமதாபாத்திலும் இதைப் படிக்கும் உறுப்பினர்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தமிழ் வகுப்பு நடத்தலாமே என்பார்கள். பல ஊர்களில் நடத்திப் பார்த்திருக்கிறோம். முதல் வாரம் இருபது குழந்தைகள், நாலாம் வாரம் மூன்று. குழந்தைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அ, ஆ, இ, ஈ படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்று அதுகளுக்குத் தெரியவில்லை.

நான் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 1976இல் சிக்கந்தராபாத் பத்மாராவ் நகரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் குழந்தைகள் தெலுங்கு சந்தமாமா வாங்குவார்கள். ஒரு நாள் புரட்டினேன். அதே சங்கர், அதே வாள், அதே மயானம். படத்தைப் பார்த்தால் கதை பாதி புரிகிறது. கேள்வியும் ராஜாவின் பதிலும் மட்டும் புரியவில்லை. அந்த வீட்டுப் பையனைக் கேட்டால் சொல்லியிருப்பான். கேட்க எனக்கு மனசில்லை. அந்த வாரமே ஒரு பாலசிக்ஷா வாங்கினேன். நாலைந்து மாதத்தில் தட்டுத் தடுமாறி வேதாளக் கதையின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டேன். பிறகு ஆபீசில் தெலுங்கு மனுக்களை நானே படிக்கும் அளவுக்கு வந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு இருந்தால் எழுத்து தானாக வரும்.

இதை வைத்துத்தான் ஒரு யோசனை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதே ஹாலில் குழந்தைகளுக்குத் தமிழில் ஒரு கதை உரக்கப் படிப்போம். வேதாளக் கதையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வி வரும் இடத்தில் நிறுத்திவிடுவோம். அரை மணி நேரம் குழந்தைகள் சண்டை போடட்டும், எந்த பாஷையில் வேண்டுமானாலும். பதிலை யாரும் வாயால் சொல்லக்கூடாது. பெரிய எழுத்தில், ஐந்தாறு வரி, தமிழில் எழுதி ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவோம். வீட்டுக்குப் போய் அதுகளே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். பெற்றோர் எழுத்தை அடையாளம் காட்டலாம், வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு சென்னை தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் போட்டு, நல்ல படங்களோடு வருகின்றன. அவற்றில் கொஞ்சம் வாங்கி நம் அலமாரியில் வைக்கலாம். அலமாரியில் இப்போது இருப்பவை கனமான புத்தகங்கள், கனத்த பூட்டு. பூட்டையாவது எடுத்துவிடலாம்.

அம்புலிமாமா திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். 1998இல் நின்று, அடுத்த வருஷக் கடைசியில் மறுபடி தொடங்கி, 2007இல் ஒரு மும்பைக் கம்பெனிக்குக் கைமாறி, 2013 வாக்கில் அடியோடு நின்று போனது.

வெளியூர் உறுப்பினர்கள் தாத்தா பாட்டியாக இருந்தால் ஹால் கூட வேண்டாம். பேரக் குழந்தைக்குப் போனில் கதையைச் சொல்லுங்கள். கேள்வியில் நிறுத்துங்கள். பதிலை ஒரு தபால் கார்டில் தமிழில் எழுதிப் போடுங்கள். கார்டு இன்னும் தபால் ஆபீசில் கிடைக்கிறது. போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். நல்லதுதான், குழந்தை அதுவரை யோசிக்கட்டும். பொறுக்காமல் போன் பண்ணிக் கேட்டால், கார்டு வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

முதல் கதை அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை. எனக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து சிரமம், அதனால் உரக்கப் படிக்க இரண்டு பேர் கூட வேண்டும். மாமிகள் யாராவது பெயர் கொடுத்தால் சௌகரியம். பதில் தெரிந்த பெரியவர்கள் தயவுசெய்து குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டாம். காபி வந்துவிட்டது போலிருக்கிறது.